மேல்நிலை முதலாம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் பாடங்கள்: சிவகாசி விலைப்பட்டியலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டு மேல்நிலை முதலாம் ஆண்டுக்கான கணினிப் பயன்பாடுகள் பாடநூல் 2018ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்தில் வெளிவந்தது. இணையப் பக்கங்களுக்கு உயிரூட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழிலேயே அறிமுகம் செய்யும் நூல் இது. விருதுநகர் மாவட்டம், சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் இந்நூலே இம்மொழிக்கான முதல் வாசல். அந்த வாசல் எதுவரை கொண்டுசெல்கிறது, எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அளவுகோலாக அவ்வட்டாரத்தில் எங்கும் காணக்கூடிய ஒரு பொருளை, அதாவது பட்டாசு விலைப்பட்டியல் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது.

பாடங்களின் அமைப்பு

பதினொன்றாம் வகுப்பு நூலில் 18 பாடங்கள் உள்ளன. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றைத் தொடர்ந்து 14, 15, 16ஆம் பாடங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. முதலாவது மொழி அறிமுகம், இரண்டாவது கட்டுப்பாட்டு அமைப்புகள், மூன்றாவது செயற்கூறுகள். பதினேழாம் பாடம் கணினி நன்னெறியையும் இணையப் பாதுகாப்பையும், பதினெட்டாம் பாடம் தமிழ்க் கணிமையையும் பேசுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு நூல் 2019இல் வந்தது. அதில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி மொழி ஆகியவையும், பின்பகுதியில் மின்வணிகம், மின்னணுப் பணப்பரிமாற்றம், மின்வணிகப் பாதுகாப்பு ஆகியவையும் இடம்பெறுகின்றன.

இவ்வரிசை நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டது. பக்கத்தை எழுதுதல், அழகுபடுத்துதல், இயக்குதல், சேவையகத்தோடு இணைத்தல், வணிகத்துக்குப் பயன்படுத்துதல் என்ற படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. கணினிப் பயன்பாடுகள் பாடத்தை மிகுதியாக எடுப்பவர்கள் வணிகவியல் பிரிவு மாணவர்கள் என்பதால் மின்வணிகத்தில் முடிப்பதும் பொருத்தமே. மாறி, சரம், அணி, மடக்கு, செயற்கூறு போன்ற கலைச்சொற்களைப் பாடநூல் வழியாக நிலைப்படுத்தியதும் இந்நூல்களின் பணி. நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிக்கு வெளியே, 2012இல் தொடங்கிய கணியம் இதழும் நித்யா துரைசாமி எழுதிய 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் இதே திசையில் உழைத்துள்ளன. ஆகவே தமிழில் எதுவுமே இல்லை என்ற பழைய குறையை இனிக் கூற இயலாது. இருப்பதன் தன்மை என்ன என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

அளவுகோல்: விலைப்பட்டியல் பக்கம்

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. இதன்பின் சிவகாசி வணிகர்களின் தளங்கள் ஒரு தனி வடிவத்தைப் பெற்றன. தளத்தில் பொருட்களின் பட்டியல் இருக்கும். வாடிக்கையாளர் தமக்கு வேண்டியவற்றின் எதிரே எண்ணிக்கையை இடுவார். கீழே மொத்தத் தொகை உடனுக்குடன் மாறும். இறுதியில் 'வாங்கு' என்ற பொத்தானுக்குப் பதிலாக 'விசாரணை' அல்லது 'எஸ்டிமேட்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் கடைக்காரருக்குச் செல்லும், அவர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார். இணையவழி விற்பனைக்கு அனுமதியில்லை என்ற அறிவிப்பு, தளத்துக்குத் தளம் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் காணப்படும்.

இப்பக்கம் பார்வைக்கு எளியது. ஆனால் இணையப் பக்க நிரலாக்கத்தின் மேல்நிலை உத்திகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கியுள்ளன. கம்பி மத்தாப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 7, 10, 12, 15, 30 செ.மீ. என 5 அளவுகள், எலக்ட்ரிக், கலர், கிரீன், ரெட் என 4 வகைகள். மொத்தம் 20 வரிசைகள். இத்துடன் தரைச்சக்கரம், புஸ்வாணம், ராக்கெட், சரவெடி எல்லாம் சேரும். ஒவ்வொன்றுக்கும் பட்டியல் விலை, தள்ளுபடி, தள்ளுபடி போக விலை, பெட்டிக் கணக்கு உண்டு. பேக்கிங் கட்டணம், மாநிலத்துக்கு ஏற்ற குறைந்தபட்சக் கொள்முதல் தொகை ஆகியவையும் கணக்கில் வரவேண்டும். மூன்று பாடங்களையும் நன்கு படித்த ஒரு மாணவரால் இப்பக்கத்தை உருவாக்க முடியுமா? முடியாது என்பதே இம்மதிப்பீட்டின் முடிவு. காரணங்கள் பின்வருமாறு.

பக்கத்தைத் தொடாத பாடம்

பாடநூலின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 'டாக்குமென்ட்.ரைட்' என்ற கட்டளையால் விடையை எழுதுகின்றன. உள்ளீட்டுக்குப் 'பிராம்ப்ட்' போன்ற எட்டிப்பார்க்கும் பெட்டிகள் வருகின்றன. இவற்றால் மடக்கையும் நிபந்தனையையும் விளக்கலாம். ஆனால் இணையப் பக்கத்தின் இயல்பை விளக்க முடியாது. பக்கம் முழுதும் ஏற்றப்பட்ட பின் இதே கட்டளையை இயக்கினால் ஏற்கெனவே இருந்த பக்கம் அழிந்து புதிய எழுத்து மட்டும் நிற்கும். மொத்தத் தொகையைக் காட்டப் போய் விலைப்பட்டியலே மறைந்துவிடும்.

தேவையான வழி வேறு. உலாவி ஒரு பக்கத்தைப் படித்ததும் அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பையும் கிளைவிடும் மரம் போல நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இதுவே டாம் எனப்படும் ஆவணப் பொருள் மாதிரி. நிரல் அம்மரத்தில் உரிய கிளையைத் தேடிப் பிடித்து, அதன் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுகிறது. எப்போது மாற்றுவது என்பதை நிகழ்வுகள் தீர்மானிக்கின்றன: பொத்தானை அழுத்துதல், பெட்டியில் எண்ணை இடுதல், பக்கத்தை நகர்த்துதல் போன்றவை. இவ்விரண்டுக்கும் நூலில் தனிப் பாடம் இல்லை. மொழியின் இலக்கணம் இருக்கிறது. அம்மொழி பேசவேண்டிய இடமாகிய பக்கம் விடுபட்டுள்ளது.

ஆய்வகத்தில் இணைய வசதி குறைவு என்பதால் எளிய எடுத்துக்காட்டுகளைத் தந்திருக்கலாம் என்று ஒரு சமாதானம் கூறப்படலாம். டாம் முறைக்கும் நிகழ்வுகளுக்கும் இணைய இணைப்பே தேவையில்லை. சேமித்த கோப்பை எந்த உலாவியிலும் திறந்து இயக்கலாம். வேகம் குறைந்த இணைப்பில் பாதிப்பைத் தருவது பழைய முறைதான். 2016இல் வந்த குரோம் உலாவியின் 55ஆம் பதிப்பு, 2ஜி இணைப்பில் 'டாக்குமென்ட்.ரைட்' வழியாக வேறு தளத்திலிருந்து நுழைக்கப்படும் நிரல்களைத் தடுக்கத் தொடங்கியது. பாடநூல் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

இருபது வரிசைகளும் ஒரு மடக்கும்

ஜாவாஸ்கிரிப்டை நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் 1995இல் உருவாக்கினார். முதல் வடிவம் பத்து நாட்களில் எழுதப்பட்டது என்பது பரவலாக அறிந்த செய்தி. 1997இல் எக்மாஸ்கிரிப்ட் என்ற பெயரில் தரப்படுத்தப்பட்டது. 2015இல் வந்த பதிப்பு மொழியின் முகத்தையே மாற்றியது. மாறிகளை அறிவிக்க 'லெட்', 'கான்ஸ்ட்' ஆகியவை அப்போது வந்தன. பாடநூல் 'வார்' என்ற பழைய அறிவிப்போடு நிற்கிறது.

இது வெறும் சொல் மாற்றம் போலத் தோன்றலாம். விலைப்பட்டியலில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். மடக்கின் மூலம் 20 வரிசைகளுக்கும் ஒவ்வொரு நிகழ்வுச் செயற்கூறை இணைக்கும் மாணவர், வரிசை எண்ணை 'வார்' கொண்டு அறிவித்தால், எல்லாச் செயற்கூறுகளும் ஒரே மாறியையே பகிர்ந்துகொள்ளும். மடக்கு முடிந்தபின் அம்மாறியில் இறுதி மதிப்பு மட்டுமே இருக்கும். முதல் வரிசையில் எண்ணை மாற்றினாலும் நிரல் முதல் வரிசையைத் தொடாது. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அந்த இறுதி எண்ணையே தேடிப் போகும். 'லெட்' ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறியைத் தருவதால் இப்பிழை நேராது. செயற்கூறு தான் பிறந்த இடத்தின் மாறிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் இப்பண்பே மேல்நிலை நிரலாக்கத்தின் அடிப்படை. பதினாறாம் பாடத்தில் செயற்கூறு பற்றி எழுதும்போதே இதைக் கூறியிருக்கலாம்.

தரவையும் தோற்றத்தையும் பிரித்தல் இதையடுத்த படி. பெயர், அளவு, விலை ஆகியவற்றைக் கொண்ட பொருட்களின் அணி ஒன்றை வைத்துக்கொண்டு, மடக்கால் அட்டவணையை உருவாக்க வேண்டும். அப்போது விலை மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். 20 வரிசைகளையும் கையால் எச்டிஎம்எல்லில் தட்டச்சு செய்து நகலெடுப்பவர் தீபாவளிக்கு முந்தைய ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் பக்கம் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். மடக்கை 1 முதல் 10 வரை எண்களை அச்சிடுவதற்கும் வாய்ப்பாட்டுக்கும் மட்டும் பயன்படுத்திப் பழகிய மாணவருக்கு, அது அட்டவணையைக் கட்டும் கருவி என்பது தோன்றாது.

எண்ணும் சரமும்

உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரம். 3 என்ற சரத்தையும் 4 என்ற சரத்தையும் கூட்டினால் விடை 34. ஆனால் பெருக்கினால் 12 என்ற சரியான விடையே வரும், ஏனெனில் பெருக்கலின்போது மொழி தானாகச் சரத்தை எண்ணாக மாற்றிவிடுகிறது. இதனால் பிழை ஒளிந்துகொள்கிறது. விலையை எண்ணிக்கையால் பெருக்கும் வரை எல்லாம் சரியாக இருக்கும். கூட்டுத்தொகை 4500 ரூபாய், பெட்டியிலிருந்து படித்த பேக்கிங் கட்டணம் 90 ரூபாய் என்றால், கூட்டிய விடை 450090 என்று வந்து நிற்கும்.

தசமக் கணக்கும் அப்படியே. இம்மொழியில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 கிடைப்பதில்லை, கடைசியில் ஒரு சிறு எச்சம் ஒட்டிக்கொள்ளும். பணக் கணக்கைப் பைசாவாக, முழு எண்ணில் வைத்துக்கொண்டு காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுவது பாதுகாப்பான வழக்கம். காட்டும்போது 125000 என்பதை 1,25,000 என்று நம் முறையில் பிரிக்கவும் மொழியிலேயே வசதி உண்டு. வணிகவியல் மாணவருக்கு இவை பயனுள்ள பாடங்கள். கணக்குப் பதிவியலில் ஒரு ரூபாய் வேறுபாட்டைத் தேடிப் பழகிய மாணவர் இவற்றை எளிதில் உள்வாங்குவார்.

இரண்டு பாடங்களுக்கு இடையே விடுபட்ட தமிழ்

இந்நூலின் மிகப் பெரிய நழுவல் இப்பகுதியில்தான் என்று கூறலாம். ஜாவாஸ்கிரிப்ட் 14 முதல் 16 வரை, தமிழ்க் கணிமை 18இல். இரண்டும் சந்திக்கவே இல்லை. தமிழில் கற்பிக்கும் நூல், தமிழ் எழுத்தை நிரல் எவ்வாறு கையாளும் என்பதைக் கூறாமல் விடுகிறது.

'பட்டாசு' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள். சரத்தின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 7 என்று கூறும். மெய்யின் புள்ளி, ஆகாரக் கால், உகரக் குறி ஆகியவை ஒருங்குறியில் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். பெயர் நீளமாக இருக்கிறதென்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெட்டினால் எழுத்தின் பாதியில் வெட்டு விழலாம். எழுத்தெழுத்தாகப் பிரிக்க 'இன்டல்.செக்மென்டர்' என்ற வசதி இன்று உலாவிகளில் உள்ளது.

தேடலில் வேறொரு சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் கணினியில் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வெவ்வேறு. ஒப்பிடும் முன் 'நார்மலைஸ்' செய்தால் இது தீரும். அகரவரிசையும் அப்படியே. இயல்பான வரிசைப்படுத்தல் ஒருங்குறி எண்களைப் பின்பற்றுவதால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடும். தமிழ் நெடுங்கணக்கில் அது மெய்களின் கடைசி. தமிழுக்கான ஒப்பீட்டு முறையைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்தினால் சரியாக அமையும். இவை எல்லாம் ஓரிரு வரிக் கட்டளைகள். பெரும்பாலான ஆங்கிலப் பயிற்சிகளில் தமிழை வைத்து இவை விளக்கப்படுவதில்லை. தமிழ்ப் பாடநூலும் கூறாவிட்டால் மாணவர் இவற்றை வேறெங்கே கற்பார்?

காத்திருத்தல்

விசாரணைப் படிவத்தை அனுப்பும் நேரத்தில் பக்கம் சேவையகத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பாடநூலின் நிரல்கள் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் ஓடி முடிபவை. உண்மைப் பக்கத்தில் ஒரு வேலையை ஏவிவிட்டு, அது முடியும்போது செய்யவேண்டியதை முன்கூட்டியே கூறிவைக்க வேண்டும். பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் சேவையகத்தோடு பேசும் இம்முறைக்கு 2005இல் அஜாக்ஸ் என்ற பெயர் வழங்கத் தொடங்கியது. 2015 பதிப்பில் 'பிராமிஸ்', 2017 பதிப்பில் 'அவெய்ட்' ஆகியவை வந்து இதனை எழுதுவதை எளிதாக்கின.

இதனை அறியாதவர் உருவாக்கிய பக்கத்தில், இணைப்பு மந்தமாக இருக்கும்போது வாடிக்கையாளர் பொறுமையிழந்து பொத்தானை மூன்று முறை அழுத்தினால் மூன்று விசாரணைகள் செல்லும். முதல் அழுத்தத்திலேயே பொத்தானை முடக்கி, 'அனுப்பப்படுகிறது' என்று காட்டி, தவறினால் மீண்டும் திறந்துவிடுவது சிறிய வேலை. பக்கத்தை நம்பகமானதாக்குவது இத்தகைய சிறிய வேலைகள்தாம்.

நிரலை எவ்வளவு நம்பலாம்

உலாவியில் ஓடும் நிரல் வாடிக்கையாளரின் கையில் உள்ள நிரல். உலாவியின் மேம்பாட்டுக் கருவியைத் திறந்து எவரும் விலையை மாற்றலாம். ஆகவே மொத்தத் தொகையைச் சேவையகம் தன்னிடமுள்ள விலையைக் கொண்டு மறுபடியும் கணக்கிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு நூல் படிவச் சரிபார்ப்பை வாடிக்கையாளர் பக்கம், சேவையகப் பக்கம் என இரண்டாகப் பிரித்துக் கூறுவது நல்ல தொடக்கம். இரண்டும் ஏன் வேண்டும் என்பதை ஒரு விலைப்பட்டியலை வைத்து விளக்கியிருந்தால் அது மனத்தில் நின்றிருக்கும். சிவகாசித் தளங்களில் இறுதியில் ஒருவர் தொலைபேசியில் பேசிச் சரிபார்ப்பதால் இக்குறை வெளியே தெரிவதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எந்தப் பக்கத்தின் தோற்றத்தையும் நிரலையும் எவரும் நகலெடுக்கலாம். 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப்பிரிவு போலிப் பட்டாசு விற்பனைத் தளங்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. பணம் பெற்றுக்கொண்டு பொருள் அனுப்பாத ஒரு போலித் தளத்திலும் மொத்தத் தொகை பிழையின்றிக் கணக்கிடப்படும். பதினேழாம் பாடம் இணையப் பாதுகாப்பைப் பேசுகிறது. அதற்கு முந்தைய மூன்று பாடங்களில் கற்ற கருவிகளே மோசடிக்கும் பயன்படும் என்பதை அங்கே இணைத்துக் காட்டியிருக்க வேண்டும். பக்கத்தை உருவாக்குபவரும் அதைப் பயன்படுத்துபவரும் அறியவேண்டிய செய்தி இது.

குறுக்குவழிகள்

பாடநூல் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த படியைத் தேடும் மாணவர்கள் தனியார் பயிற்சிகளுக்கோ காணொளிகளுக்கோ செல்கின்றனர். அங்கே பெரும்பாலும் எதிர்த்திசைக் குறை காணப்படுகிறது. 2006இல் வந்த ஜெகுவெரி, 2013இல் வந்த ரியாக்ட் போன்ற நூலகங்களை முதல் வாரத்திலேயே கையில் கொடுத்துவிடுகின்றனர். இவை பயனுள்ள கருவிகள். ஆனால் டாம், நிகழ்வு, காத்திருத்தல் ஆகியவற்றை அறியாமல் இவற்றைப் பயன்படுத்துபவர், பிழை வந்தால் எங்கே தேடுவதென்று அறியமாட்டார். வேறொரு தளத்தின் நிரலை வெட்டி ஒட்டுவதே வழியாகிவிடும். தளத்துக்குத் தளம் ஒரே அறிவிப்பு வாசகம் காணப்படுவதைப் போல, ஒரே பிழையும் தளத்துக்குத் தளம் பரவ இது வழிசெய்கிறது.

ஏன் இது பொருட்படுத்தத்தக்கது

சிவகாசி வட்டாரம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களால் வாழ்வது. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் நேர்ந்த பட்டாசு வெடி விபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருந்தறைக்குச் செல்லாமல் அதே தொழிலைச் சார்ந்து ஒரு வாழ்க்கை அமையுமா என்பது இவ்வூர்களில் வெறும் கல்விக் கேள்வி ஆகாது. பட்டாசுத் தளங்களை உருவாக்கித் தரும் நிறுவனங்கள் சிவகாசியிலேயே இயங்குகின்றன. முன்பு அச்சகத்தில் அடிக்கப்பட்ட விலைப்பட்டியல் இன்று திரைக்கு வந்துள்ளது. அவ்வேலைக்கு வேண்டிய அறிவுக்கு அருகில் கொண்டுவந்து, கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுகிறது பாடநூல். அதனாலேயே இக்குறையை எழுத வேண்டியுள்ளது.

நூலை முழுதாக மாற்றி எழுதக் காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் மூன்று பாடங்களின் முடிவில் கீழ்க்கண்ட பயிற்சிகளை வரிசையாகத் தரலாம். இவை அனைத்தையும் இணையம் இல்லாத ஆய்வகத்திலேயே செய்யலாம்.

1. ஒரு பொருள், ஒரு விலை, ஓர் எண்ணிக்கைப் பெட்டி. எண்ணை இட்டவுடன் தொகை அதே பக்கத்தில் மாற வேண்டும்.
2. 20 கம்பி மத்தாப்பு வகைகளை அணியாக எழுதி, மடக்கால் அட்டவணையாக்குதல்.
3. அட்டவணை முழுமைக்கும் ஒரே நிகழ்வுச் செயற்கூறு வைத்து மொத்தம் கணக்கிடுதல். வெற்றுப் பெட்டி, எதிர்ம எண் ஆகியவற்றைத் தடுத்தல்.
4. தள்ளுபடி, பேக்கிங் கட்டணம், குறைந்தபட்சத் தொகை ஆகியவற்றைச் சேர்த்தல்.
5. தமிழ்ப் பெயரைக் கொண்டு தேடுதல், அகரவரிசைப்படுத்தல்.
6. தேர்ந்தெடுத்தவற்றை உலாவியிலேயே சேமித்து, பக்கத்தை மூடித் திறந்தாலும் மீட்டல்.

ஏழாவது பயிற்சியைப் பன்னிரண்டாம் வகுப்பில், பிஎச்பி கற்றபின் செய்யலாம்: அனுப்பப்பட்ட தொகையை நம்பாமல் சேவையகத்தில் மீண்டும் கணக்கிடுதல். இந்த ஏழையும் முடித்த மாணவர் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியவர் யார் என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுவதோடு, தம் ஊர்க் கடைக்காரர் கேட்கும் பக்கத்தையும் எழுதித் தர இயலும்.